உழவர் சந்தையை உழவரிடம் திருப்பிக் கொடுங்கள்

வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கேரட். அதையொட்டி உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். ஓரத்தில் நான்கு கட்டு கீரை. எல்லாம் ஒரே கடையில், ஒரே தராசில், ஒரே விவசாயி அட்டையின் பேரில் விற்பனையாகின்றன. வைகைக் கரையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சம்சாரி யாராவது இத்தனையையும் தன் காட்டிலிருந்து ஒரே நாளில் பறித்துக் கொண்டுவர முடியுமா? கொடைக்கானல் மலைக்காரர் தன் கேரட்டைக் கொண்டுவந்து விற்றால் அது முறை. சமவெளிக்காரர் பெயரில் மலைக்காய் விற்றால் அது முறைகேடு. உழவர் சந்தைகளுக்குள் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள் என்பது ஆண்டுக்கணக்காக விவசாயிகள் சொல்லிவரும் புகார். அதைக் கேட்டும் கேளாமல் இருக்கும் வேளாண் விற்பனைத் துறையின் மெத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உழவர் சந்தை எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டது என்பதைத் துறைக்கு நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். இதே வகையில் பஞ்சாபின் ‘அப்னி மண்டி’ 1987-லேயே வந்துவிட்டது. ஆந்திரத்தின் ‘ரைத்து பஜார்’ அதே 1999 ஜனவரியில் தொடங்கியது. தமிழகத்தில் முதல் சந்தைக்கு மதுரையைத் தேர்ந்தது பொருத்தமான செயல். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று சங்க காலத்திலேயே இரண்டு பொழுதும் கடைவீதி நடத்திய ஊர் இது. மதுரைக்காஞ்சி அதற்குச் சாட்சி. அங்கிருந்து கிளைத்த சந்தைகள் இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேல்.

உழவர் சந்தையின் ஏற்பாடு எளிமையானது. கமிஷன் மண்டிக்குப் போனால் தரகு, கழிவு, இறக்குக்கூலி என்று ஒவ்வொருவரும் பிடித்துக்கொண்டது போகத்தான் விவசாயிக்கு மிச்சம். உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், காய்மூட்டையை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவரலாம். மொத்தச் சந்தை விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக, வெளிக்கடை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக, அன்றன்றைக்கு விலை வைத்துப் பலகையில் எழுத வேண்டும். விளைவித்தவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு அட்டையின் மேல் நிற்கிறது: படம் ஒட்டிய விவசாயி அடையாள அட்டை. அந்த அட்டை பொய்யானால் வாடகையில்லாக் கடையும் இலவசத் தராசும் வியாபாரிக்கு மக்கள் பணத்தில் கொடுத்த மானியமாகிவிடும்.

இழப்பு பணத்தோடு முடிந்தால் கூடப் பொறுக்கலாம். இந்தச் சந்தை நகரத்து அடுப்படிக்கு என்ன கொடுத்தது என்பதை வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்க வேண்டும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை எல்லாக் கடையிலும் கிடைக்கும். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, சளிக்குத் தூதுவளை ரசம், மூட்டுவலிக்காரருக்கு முடக்கத்தான் தோசை, துவையலுக்குப் பிரண்டை என்றால் வேலியோரத்தில் அதைப் பறித்து வந்தவரிடம்தான் போக வேண்டும். அமாவாசைக்கும் தெவசத்துக்கும் இங்கிலீஷ் காய் சேர்க்காத வீடுகள் இன்னும் ஏராளம். வாழைக்காய், பூசணி, அவரை, கொத்தவரை, பாகல், சேப்பங்கிழங்கு என்று நாட்டுக்காயாகவே கூடை நிறைய வேண்டும். பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரையும் வேண்டும். இவற்றுக்கு மண்டியில் பெரிய மதிப்பில்லை. லாரி ஏறி வருகிற சரக்கும் இல்லை. இரண்டு கொடிப் பந்தலும் நாலு பாத்தியும் வைத்திருக்கும் சிறு விவசாயி, பெரும்பாலும் ஒரு பெண், முந்தின நாள் சாயங்காலம் பறித்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கில் சுற்றி விடியுமுன் கொண்டுவருகிற பொருள்கள் இவை. எண்ணெயில் நன்றாக வதங்கிப் புளிக்குழம்பில் கரையாமல் நிற்கும் நாட்டுக் கத்திரிக்காய் எது, வெறும் நிறத்துக்கு மின்னுகிற காய் எது என்று அந்த அம்மா கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுவார். மண்டியில் மூட்டையாக எடுத்து விற்பவரிடம் இந்தச் சொல் கிடையாது. வியாபாரி உள்ளே வரவர அந்த ஈரச்சாக்கு வெளியே போகிறது. கூடவே ஒரு ஊரின் சாப்பாடும் மெலிகிறது.

ஆட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. 2001-ல் ஆட்சி மாறியதும் முந்தைய ஆட்சியின் திட்டம் என்ற ஒரே காரணத்தால் உழவர் சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. கத்திரிச்செடிக்கு எந்தக் கட்சி ஆட்சி என்று தெரியாது. அது காய்த்தால் அன்றைக்கே விற்றாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோது பழைய சந்தைகளைப் புதுப்பிப்பதாகவும் புதியவற்றைத் திறப்பதாகவும் அறிவித்தார்கள். வரவேற்றோம். ஆனால் கூரைக்குச் சாயம் பூசுவதும் தரைக்குக் கல் பதிப்பதும் மட்டும் புதுப்பிப்பு ஆகாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்காத துறை, எத்தனை கோடி செலவழித்தாலும் கட்டடத்தைத்தான் பராமரிக்கிறது.

ஆகவே கேட்கிறோம். அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரின் நிலத்துக்கும் வேளாண் அலுவலர் நேரில் போக வேண்டும். எந்தப் புல எண்ணில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்க வேண்டிய விவரம். அதையும் கடையில் உள்ள காயையும் ஒப்பிட ஒரு காலைப்பொழுது போதும். பொருந்தாத அட்டையை அன்றே ரத்து செய்யுங்கள். அதைக் கொடுத்த அலுவலரிடம் விளக்கம் கேளுங்கள். இந்தச் சோதனை குத்தகை விவசாயியின் தலையில் விடிந்துவிடக் கூடாது. பட்டா அவர் பெயரில் இருக்காது, பயிர் மட்டும்தான் அவருடையது. பல இடங்களில் உண்மையான உழவர் வெளியே நிற்பதற்கு இதுவே காரணம். பயிரைப் பார்த்து அவருக்கு அட்டை கொடுங்கள்.

விலைப்பலகையில் எழுதிய விலைக்கும் தராசடியில் கேட்கும் விலைக்கும் வித்தியாசம் இருந்தால் வாங்குபவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அதே பலகையில் எழுதப்பட வேண்டும். முதல் பேருந்து வரும் நேரத்தையும் சந்தை கூடும் நேரத்தையும் பொருத்துங்கள். மூட்டையோடு நிற்பவரை ஏற்றாமல் போகும் பேருந்து இருக்கும்வரை கட்டணமில்லாச் சலுகை காகிதத்தில்தான் இருக்கும். சந்தை வாசலையே அடைத்துக்கொண்டு முளைத்த கடைகளை அகற்றுங்கள். தள்ளுவண்டிக்காரரின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு உரிய இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல், விவசாயியும் வண்டிக்காரரும் வாசலில் முட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பது பொறுப்பற்ற செயல்.

வரும் நவம்பர் 14 அன்று வழக்கம்போல் மாலையும் மேடையும் வேண்டாம். எத்தனை அட்டைகள் சோதிக்கப்பட்டன, எத்தனை ரத்தாயின, எத்தனை குத்தகை விவசாயிகள் புதிதாகச் சேர்ந்தார்கள் என்ற பட்டியலைச் சந்தை வாரியாக அண்ணா நகர் சந்தையின் வாசலில் ஒட்டுங்கள்.