போஸ்ட் போடும் டூலுக்கு மாதச் சந்தா தேவையா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சிறு தொழில்கள் பார்க்க வேண்டியது என்ன?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் மெஸ், லேடீஸ் ஹாஸ்டல், வேன் சர்வீஸ், துணிக்கடை, மொபைல் கடை என எதை எடுத்தாலும் இன்று ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது. ஆனால் கல்லாவில் உட்காருபவரேதான் போஸ்ட்டும் போட வேண்டும். அதனால்தான் ஒரு வாரத்துக்கான பதிவுகளை ஒரே நாளில் தயார் செய்து, குறித்த நேரத்தில் தானாக வெளியிடும் ஷெட்யூலிங் டூல்கள் பக்கம் பலரும் திரும்புகிறார்கள். எதை எடுக்கலாம்? காசு கட்டணுமா? வாங்க, பார்க்கலாம்.

இலவசத்தை எவ்வளவு நம்பலாம்?

கனடாவில் 2008-ல் தொடங்கிய ஹூட்சூட், இந்தத் துறையின் பழைய பெயர்களில் ஒன்று. 2023 மார்ச்சோடு தன் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், வெளி டூல்கள் தன்னோடு இணையும் வசதிக்குக் கட்டணம் என ட்விட்டர் அறிவித்தது. 2024 ஏப்ரலில் ஃபேஸ்புக் குரூப்களில் வெளி டூல் மூலம் பதிவிடும் வழியை மெட்டா மூடியது.

கடைசி மாற்றம்தான் நம்ம ஊர் கடைகளுக்கு முக்கியம். வாடகை வீடு, வேலைவாய்ப்பு, பழைய பைக் என எல்லாமே ஏரியா குரூப்களில்தான் ஓடுகிறது. 'எல்லா குரூப்புக்கும் ஒரே கிளிக்கில் போஸ்ட்' என்று யாராவது இன்று டூல் விற்றால், அது அதிகாரபூர்வ வழியில் நடக்காது. கணக்கே முடங்கும் ஆபத்து உண்டு.

உங்க கஸ்டமர் யார்?

இந்தப் பகுதியில் சிறு தொழில்கள் இரண்டு வகை. ஒன்று, தொழிலாளர்களை நம்பி நடக்கும் மெஸ், ஹாஸ்டல், கடைகள். இவர்களுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போதும்.

இன்னொன்று, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்கள். இவர்களுக்கு ரீல்ஸால் ஆர்டர் வருவது அபூர்வம். லிங்க்ட்இன் பக்கமும், கூகுள் மேப்பில் சரியான முகவரியும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கம்பெனிக்குச் செய்யும் பாகத்தைப் படம் பிடித்துப் போடும் முன், ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கிறதா என்று பாருங்கள். தானாக வெளியாகும் ஒரு போட்டோ, ஆர்டருக்கே உலை வைத்துவிடும்.

'பெஸ்ட் டைம்' இங்கே செல்லுமா?

எந்த நேரத்தில் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று பல டூல்கள் சொல்லும். கட்டணத் திட்டத்தை விற்கும் முக்கிய வசதியே அதுதான். ஆனால் இங்கே வாழ்க்கை ஷிஃப்ட் கணக்கில் நடக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்தவர் மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தூங்கப் போகிறார். ஷிஃப்ட் மாறினால் அடுத்த வாரம் அவர் போன் பார்க்கும் நேரமும் மாறிவிடும். சில நூறு பேர் மட்டும் பின்தொடரும் பக்கத்தில் டூலின் கணிப்புக்குப் போதுமான தரவும் இருக்காது. கம்பெனி பஸ் வரும் நேரம், சம்பளத் தேதி, ஆயுத பூஜை விடுமுறை இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வசதிக்காகக் காசு கட்ட வேண்டாம்.

என்னென்ன வழிகள் இருக்கு?

* மெட்டா பிசினஸ் சூட்: இலவசம். ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சேர்த்து ஷெட்யூல் செய்யலாம்.

* இன்ஸ்டாகிராம் ஆப்: பிசினஸ், கிரியேட்டர் கணக்குகளுக்கு 2022 நவம்பர் முதல் ஆப்பிலேயே ஷெட்யூல் வசதி வந்தது. 75 நாள் முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

* யூடியூப் ஸ்டூடியோ, லிங்க்ட்இன்: இரண்டிலும் சொந்த ஷெட்யூல் வசதி இலவசமாகவே உண்டு.

* பஃபர்: இலவசத் திட்டத்தில் 3 கணக்குகள், கணக்குக்கு 10 பதிவுகள் வரை வரிசையில் வைக்கலாம். ஒரு சின்ன கடைக்கு இதுவே தாராளம்.

* ஜோஹோ சோஷியல்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தயாரிப்பு. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு இந்நிறுவனம் பரவலாகப் பேசப்பட்டது. ஏற்கெனவே ஜோஹோவில் பில், கஸ்டமர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. உள்ளூர் தயாரிப்பு என்பதற்காக மட்டும் தேவையில்லாத திட்டத்தை வாங்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் கதை தனி. பிசினஸ் ஆப்பில் தானியங்கி வாழ்த்து, கடை மூடிய நேரத்துக்கான பதில், பொருள் பட்டியல் எல்லாம் இலவசம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்க நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போகும். மொத்தமாக அனுப்பித் தருவதாகச் சொல்லும் அங்கீகாரமில்லாத ஆப்களைத் தொடாதீங்க. நம்பர் தடை ஆனால் கஸ்டமர் தொடர்பே போச்சு.

நிறுத்தும் பட்டன் எங்கே?

டூலை வாங்கும்போது யாரும் கேட்காத, ஆனால் இந்தப் பகுதியில் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது.

2021 டிசம்பரில் விடுதி உணவால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினார்கள். அப்படியொரு காலையில் 'வாய்க்கு ருசியான ஹாஸ்டல் சாப்பாடு' என்று ஒரு மெஸ்ஸின் பதிவு தானாக வெளியானால் என்ன ஆகும்? 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, 'சம்பளம் வந்தாச்சு, ஷாப்பிங் போலாமா?' என்ற விளம்பரம் எப்படித் தோன்றியிருக்கும்? டூலுக்கு ஊர் நிலவரம் தெரியாது. வரிசையில் உள்ள எல்லாப் பதிவுகளையும் மொபைலில் இருந்தே உடனே நிறுத்த முடியுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் முன்கூட்டிக் குறிக்காமல் இருப்பதும் நல்லது.

சாவி யார் கையில்?

பக்கத்தைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டால், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடக் கூடாது. கணக்கு உரிமையாளரின் மொபைல் எண், மெயிலில் இருக்கட்டும். உதவிக்கு வருபவருக்கு மெட்டா பிசினஸ் சூட்டில் தனி அனுமதி கொடுங்கள், போகும்போது எடுத்துவிடலாம்.

காசு கட்டுவதற்கு முன்...

விலை டாலரிலா, ரூபாயிலா என்று பாருங்கள். டாலர் என்றால் கார்டு கட்டணமும் சேரும். ஆட்டோ டெபிட் கொடுத்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. 24 மணி நேரத்துக்கு முன் தகவல் மட்டும் வரும். அந்த மெசேஜைக் கவனிக்காவிட்டால் பயன்படுத்தாத டூலுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், சந்தாவுக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அப்போ எதைத்தான் எடுக்கிறது?

ஒரே ஆள், இரண்டு பக்கம் என்றால் மெட்டா பிசினஸ் சூட்டே போதும். லிங்க்ட்இன், யூடியூபும் சேர்ந்தால் பஃபரின் இலவசத் திட்டத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று கிளைகள், பதிவிட ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்று வந்த பிறகு கட்டணத் திட்டத்தை யோசிக்கலாம்.

எந்த டூலாக இருந்தாலும், கஸ்டமர்களின் பெயரும் நம்பரும் அவர்கள் சம்மதத்தோடு உங்க நோட்டில் தனியாக இருக்கட்டும். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, ஒரே கம்பெனியை நம்பினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் பார்த்தது. ஒரே ஆப்பை நம்புவதற்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.