சீழ் பிடித்தால் டாக்டரை மட்டும் குறை சொல்லாதீங்க!



குனோங் ராபாட் சாலையில் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் மோதினால், முழங்காலில் படும் அடி தொடை எலும்பு வழியாக ஏறி இடுப்புக் குழியையே உடைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துகிறார்கள். பிறகு சிலருக்குப் புண் சீழ் பிடிக்கிறது. உடனே, “டாக்டர் சரியாச் செய்யல” என்கிறோம்.

அது முழு உண்மையல்ல. இந்த அறுவை ஆழமானது. பல மணி நேரம் பிடிக்கும். ரத்தமும் நிறையப் போகும். அடிபட்ட வேகத்தில் தோல் சதையை விட்டுக் கழன்று, அடியில் ரத்தம் தேங்கினால் கிருமிக்கு அதுவே வீடு. இவை நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பவை மூன்று: இனிப்பு நீர், புகை, உடல் பருமன். சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். புகை, புண்ணுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். பலருக்கு அது இருப்பதே தெரியாது. விபத்து நடந்த அன்று தெரிவதைவிட முன்பே தெரிவது நல்லதில்லையா?

ஆகவே என் கருத்து இதுதான்: பெர்கேசோ 2013இல் 40 வயதை எட்டுவோருக்கு இலவசப் பரிசோதனை தொடங்கியது. தகவல் வந்தும் போகாதவர் நம்மில் எத்தனை பேர்? சம்பளம் போய்விடும் என்ற பயமா? அந்த நாளுக்குச் சம்பளம் கேட்டு நிர்வாகத்திடம் பேசுவது சங்கத்தின் கடமை.

அறுவைக்குப் பின் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். காய்ச்சலோ, புண்ணில் சிவப்போ, நீர்க்கசிவோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.