உறவு வேறு, ஜெபம் வேறு

நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளன்று, அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் கைகோத்து நிற்பார்கள். பெரியவர் ஒருவர் ஜெபிப்பார். பிறகு ஒவ்வொருவரும் ஆண்டவருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்று முறைவைத்துச் சொல்ல வேண்டும். வேதத்தின் பெயரால் அடி வாங்கி, நரகத்தைக் காட்டி மிரட்டப்பட்டு, தன்பால் ஈர்ப்புக்காகப் பிரசங்க மேடையிலிருந்தே பழிக்கப்பட்டு வளர்ந்தவருக்கு, தன் முறை நெருங்க நெருங்க வியர்த்துக் கொட்டலாம். உளவியலாளர் மார்லீன் வைனல் இத்தகைய பாதிப்புக்கு ‘மத அதிர்ச்சி நோய்க்குறி’ என்று பெயரிட்டார். அமெரிக்க மனநலக் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெறவில்லை; அதனால் பட்ட வலி பொய்யாகிவிடாது. இப்படிக் காயப்பட்டவர்களை வீட்டுக்கு அழைக்கும் குடும்பம் உறவையும் ஜெபத்தையும் ஒரே முடிச்சாகப் போடக் கூடாது.

‘நம்மைக் காத்ததே சபைதானே?’ என்ற கேள்வி எழும். உண்மைதான். வெள்ளையர் தேவாலயத்தில் அவமதிக்கப்பட்ட ரிச்சர்ட் ஆலன், 1816-ல் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவருக்கெனத் தனித் திருச்சபை கண்டார். 1862 டிசம்பர் 31 இரவு, அடிமை விடுதலைப் பிரகடனத்தை எதிர்நோக்கி மக்கள் விழித்திருந்ததும் தேவாலயங்களில்தான். 1963-ல் பர்மிங்காம் நகரின் கறுப்பினத் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். இந்த வரலாறே வெளியேறுபவரின் சுமையைக் கூட்டுகிறது: சபையை விட்டால் இனத்தையே கைவிட்டதாகப் பேச்சு வரும். ஆனால், பதினான்கு வயதில் பிரசங்கியாகி, பதினேழில் மேடையை விட்டிறங்கிய எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அதன் பிறகுதான் தன் மக்களுக்காக உரக்க எழுதினார். பியூ ஆய்வு மையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்த கறுப்பின அமெரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த மதத்தையும் சாராதவர். இத்தனை பேரையும் இனத்துரோகிகள் என்று தள்ளிவிட முடியுமா?

‘இரண்டு நிமிடம் தலை குனிந்தால் என்ன குறைந்துவிடும்? பெரியவர்கள் மனம் நோகாதா?’ என்பார்கள். நோகலாம். ஆனால், காயப்பட்டவர் ஆண்டுதோறும் நடித்துத்தான் அந்த மனங்களைக் காக்க வேண்டும் என்பது நியாயமல்ல. ஜெபம் முடியும் நேரம் பார்த்துப் போகலாம்; நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்; நினைத்த நேரத்தில் கிளம்பத் தன் வண்டியிலேயே போகலாம். அடித்தவரே மேசையின் முதன்மை இருக்கையில் உட்கார்ந்திருந்தால், போகாமலே இருப்பதும் குற்றமில்லை. இந்த ஏற்பாடுகளையெல்லாம் அவர் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. அழைக்கும்போதே ‘ஜெபம் முடிந்து வந்தாலும் உனக்குச் சாப்பாடு இருக்கும்’ என்று வீட்டின் மூத்தவர் சொல்லிவிட்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.