விளக்குமாற்றை எடுக்கும் முன்



மழைக்காலத்தில் அந்தியூர்ப் பகுதி வீடுகளில் மஃரிபு தொழுகை முடிந்து விளக்கைப் போட்டதும் சுவரில் விட்டில்கள் வந்து அமர்கின்றன. பர்கூர் மலைக்காடு அருகிலிருக்க, அவை வருவதில் வியப்பில்லை. பிள்ளைகள் அலறுகின்றனர், பெரியவர்கள் விளக்குமாற்றை எடுக்கின்றனர். “தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்” என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. அடிக்கும் முன் ஒரு நிமிடம் அவ்வுயிரின் உடலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தத் தூள் பார்வையைப் பறிக்கும் நஞ்சன்று; இறக்கையின் செதில்கள். கூரை ஓடுகளைப் போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. பட்டாம்பூச்சியும் விட்டிலும் அடங்கிய வகைக்கு அறிவியலார் இட்ட ‘லெபிடாப்டெரா’ என்னும் கிரேக்கப் பெயருக்கே செதிலிறக்கை என்றுதான் பொருள். நாம் வியக்கும் நிறமெல்லாம் இச்செதில்களில்தான் உள்ளது. அடியில் இருப்பது கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு. உதிர்ந்த செதில் மீண்டும் முளைப்பதில்லை. விளையாட்டாகப் பிடித்துவிடும் பிள்ளையின் விரலில் ஒட்டியிருப்பது, அவ்வுயிர் இனி ஒருபோதும் திரும்பப் பெறாத ஆடை. அஞ்ச வேண்டியது கம்பளிப்புழுவுக்கே. அதன் உரோமம் பட்டால் அரிக்கும்.

தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதி. ஆறு கால்களும் நான்கு இறக்கைகளும் மார்பில் பொருந்தியுள்ளன. வயிற்றின் இருபுறமும் உள்ள நுண்துளைகள் வழியே அது சுவாசிக்கிறது. தலையில் இரு கூட்டுக்கண்கள். அடியில் கடிகாரச் சுருள்வில்லைப் போல் சுருட்டி வைக்கப்பட்ட உறிஞ்சுகுழல். உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் பெரும்பாலும் பட்டாம்பூச்சி. நூல் போலவோ இறகு போலவோ இருந்தால் விட்டில். எருக்கஞ்செடியில் புழுவாக வளரும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியைப் பார்த்தால் நான்கு கால்களே தெரியும். முன்னிரு கால்கள் சிறுத்து மார்போடு ஒடுங்கியிருக்கும். பிள்ளைகளை எண்ணச் சொல்லிப் பாருங்கள்.

நம் பெண்கள் உடுத்தும் பட்டும் ஒரு விட்டிலின் கூடுதான். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் மல்பெரி இலையூட்டி வளர்க்கப்படும் அந்தப் புழு விட்டிலானபின் உண்பதில்லை. உண்ணத்தக்க வாய் அதற்கில்லை. பறக்கவும் இயலாது. ஆயினும் ஆண் விட்டிலின் இறகு போன்ற உணர்கொம்பு, பெண் விட்டில் காற்றில் விடும் மணத்தை உணர்ந்துகொள்கிறது. அம்மணப்பொருள் எதுவென்று 1959-இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் பூட்டெனாண்ட் கண்டறிந்தார். அதற்கு அவர் குழுவினருக்குத் தேவைப்பட்டவை ஏறத்தாழ ஐந்து இலட்சம் விட்டில்கள்!

“பயிரைத் தின்னும் பூச்சிக்கு இத்தனை பரிவா?” என்று உழவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பயிரைத் தின்பது புழுப் பருவம். தோட்டத்தில் அதைக் கட்டுப்படுத்துவது அவர் உரிமை. ஆனால் இரவில் நம் சுவரில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் தேனுறிஞ்சியோ ஒன்றும் உண்ணாமலோ சில நாள் வாழ்ந்து முடியும் உயிர். அதை அடிப்பதால் எவருக்கும் பயனில்லை.

நமக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. திருக்குர்ஆனின் 101-ஆம் அத்தியாயமான அல்காரிஆ, மறுமை நாளின் மனிதர்களைச் சிதறிய ‘ஃபராஷ்’ பூச்சிகளுக்கு ஒப்பிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது ஈசல் என்றும் வந்துள்ளது. ஆனால் ஈசலின் இறக்கையில் செதில் இல்லை. பறந்து முடிந்ததும் இறக்கையையே உதிர்த்துவிடும் கறையான் அது. அரபியில் ஃபராஷ் என்பது விட்டில், பட்டாம்பூச்சி இனத்தின் பெயர். நெருப்பில் விழும் விட்டில்களைப் போன்ற மக்களை இடுப்பைப் பற்றித் தடுப்பவராகத் தம்மை நபி (ஸல்) அவர்கள் உவமித்த நபிமொழியை நாம் அறிவோம். விட்டிலையே பார்த்திராத பிள்ளைக்கு அவ்வுவமை எவ்வாறு விளங்கும்?

2024-இல் அந்தியூர்ப் பகுதிக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டைக் காப்பது அரசின் பொறுப்பு. சுவரில் அமர்ந்ததைக் காப்பது நம் வீட்டின் பொறுப்பு. இன்றிரவு விட்டில் வந்தால் தொடாமல் கால்களை எண்ணுங்கள், கொம்பைப் பாருங்கள். பின் உள்விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள். அது தன் வழியே வெளியேறட்டும். படைப்பை உற்று நோக்கும் கண்களை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.