அப்போர் மீனும் எங்கட அப்பாமாரும்

“ஐஸில குந்தியிருந்து மீன் பிடிக்கிறது வெள்ளைக்காரற்ற விசர்” என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

எண்பதுகளில் எங்கட ஆட்கள் எத்தனை பேர் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க மீன் வெட்டினார்கள்! சம்பளத்துக்கு என்றால் குளிரும் மீனும் எங்களுக்கு. பொழுதுபோக்கு என்றால் மட்டும் அவர்களுக்கா?

அம்மருட் மாடிவீடுகளுக்குப் பின்னாலேயே லில்லோமார்க்கா காடு. அங்குள்ள ஏரிகளில் அப்போர் மாரியிலும் இரை எடுக்கும். ஐஸில் துளை போட்டு, தூண்டிலை அடிவரை இறக்கி, மெல்லச் சுண்ட வேண்டியதுதான். 16 வயதுக்குக் கீழே என்றால் ஜனவரி 1 முதல் ஓகஸ்ட் 20 வரை அங்கே தூண்டில் போடக் காசில்லை. சட்டமே அப்படி. இதை எந்த வீட்டில் சொன்னார்கள்?

“ஐஸ் உடைஞ்சால்?” நியாயமான பயம். அதற்காகப் பிள்ளையைப் பூட்டிவைத்தால், அது ஒருநாள் சொல்லாமல் போகும், ஒன்றும் தெரியாமல் போகும். சொல்லிக்கொடுங்கள்: குறைந்தது 10 சென்ரிமீற்றர் உறுதியான ஐஸ் வேண்டும், ஆறு வந்து விழும் பக்கம் போகக்கூடாது, தனியே போகவே கூடாது, கழுத்தில் ஐஸ் ஆணி தொங்க வேண்டும்.

அப்போரின் செதில் உரிப்பது கரைச்சல், முதுகுமுள்ளும் குத்தும். ஆனால் சொதிக்கு அருமையான வெள்ளைச் சதை. அப்பாவையும் இழுத்துக்கொண்டு போங்கள். மீன் வெட்ட அவருக்குத் தெரியும்.