நம் சுவருக்குப் பனிக்கால எண்கள் எதற்கு?

இரவு முழுவதும் குளிரூட்டி ஓடிய அறையின் ஜன்னலைக் காலையில் வெளியிலிருந்து பார்த்ததுண்டா? சில நாள்களில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் படிந்திருக்கும். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஜன்னலின் அலுமினியச் சட்டமோ கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. வெப்பம் இப்படி எளிதாகக் கடந்து செல்லும் இடத்தை 'வெப்பப் பாலம்' என்பார்கள்.

இத்தகைய இடங்களைக் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'தெர்ம்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சுவரும் தளமும் சேரும் இடத்தின் குறுக்குவெட்டை அதில் வரைய வேண்டும். ஒவ்வொரு பொருளின் வெப்பக் கடத்துதிறனையும், இரு பக்க வெப்பநிலையையும் கொடுக்க வேண்டும். மென்பொருள் அந்தப் படத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் கணக்கிட்டு வண்ணத்தில் காட்டும்.

என் கவலை அந்த வண்ணங்களைப் பற்றியதுதான். தெர்மில் ஆயத்தமாக இருக்கும் அமெரிக்கக் குளிர்கால அளவு என்ன தெரியுமா? உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 18 டிகிரி! அதையே தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினாலும் அழகான படம் வரும். கணக்கிலும் பிழை இருக்காது. ஆனால், அது நம் வீடு அன்று. அங்கே வெப்பம் உள்ளிருந்து வெளியேறுகிறது; இங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது. குளிர்நாட்டில் நீராவித் தடுப்பு விரிப்பை அறைப்பக்கம் வைப்பது சரி. குளிரூட்டிய நம் அறையில் அப்படியே செய்தால், வெளியிலிருந்து வரும் ஈரம் விரிப்பின் பின்னால் சிக்கிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரைப் பிரித்தா பார்க்க முடியும்?

இவையெல்லாம் பொறியாளர்களுக்கு உரியவை, பள்ளிக்கு வேண்டாம் என்பார் சிலர். நான் உடன்படவில்லை. மாணவர்கள் இப்போதே பழகட்டும். ஆனால், முதலில் தாளில். உள்ளே 24, வெளியே 32 என்றால் வெப்பம் எந்தத் திசையில் பாயும், எந்தப் பக்கம் நீர் படியும் என எழுதி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். விடை மாறினால், காரணம் தெரியும்வரை விடாதீர்கள்.

கணினி கணக்கைத்தான் போடும். நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் அதற்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.