விசகடி: குதிரை தன் பங்கைச் செய்துவிட்டது

வன்னியில் குதிரை வளர்ப்பவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனாலும் காலபோக வெட்டு நேரம் புடையன் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரின் நாளத்தில் ஏறுவது குதிரை தந்த மருந்துதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளிடம் நஞ்சு எடுத்து அந்த மருந்தைச் செய்யும் இந்திய நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். எதிர்ப்பொருள் ஊறியதும் குருதி எடுத்துச் சுத்திகரித்து, உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். 1890களில் ஐரோப்பாவில் தொடங்கிய வழி, இன்னும் அடியோடு மாறவில்லை.

இந்த மருந்தை ஊருக்கு ஊர் வாங்கி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வைக்க முடியாது. குதிரையின் புரதம் நம் உடம்புக்கு அந்நியம். இலங்கையில் ஏற்றப்படுகிறவர்களில் பலருக்கு ஒவ்வாமை வருகிறது, சிலருக்கு உயிராபத்தாகவே. அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆக, மருந்து ஊருக்கு வராது. கடிபட்டவர்தான் அதனிடம் போகவேண்டும்.

அந்தப் பயணம்தான் நம் பொறுப்பு. 2012-13இல் வீடு வீடாக நடந்த ஆய்வு, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. எண்ணெய் விரியன் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடிய முன் வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், பேச்சுக் குளறும். வயிற்றுக் கோளாறென்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் மூச்சுத் தசைகள் சோரத் தொடங்கிவிடும்.

விசகடி வைத்தியரைக் குற்றவாளியாக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் ஊர் அவரைத்தான் நம்பி இருந்தது. இப்போதும் பலர் முதலில் போவது அவரிடமே. “பார்வை பிறகு பார்க்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ” என்று அவர் வாயால் வந்தால், எங்கள் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும்விட அதற்குப் பலம் அதிகம். அவரையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அழைப்போம்.

1990 அவசர அம்புலன்ஸ் சேவை 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. காட்டோரக் குடியிருப்புக்கு அது வந்து சேரப் பிந்தலாம். அந்த நேரத்தில் யாருடைய ஓட்டோ, யாருடைய வான் என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாமே. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் தடி வைத்துக் கட்டினால் போதும். பாம்பைத் துரத்தப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம்.

மாட்டையும் மறக்கக்கூடாது. மேய்கிற மிருகம் பெரும்பாலும் மூஞ்சியிலோ காலிலோதான் கடி வாங்கும். குதிரைக்கு அது இன்னும் மோசம்: வாயால் மூச்சுவிட அதற்கு முடியாது, மூக்கு வீங்கி அடைத்தால் அத்தோடு சரி. பட்டிமாடு விழுந்தால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. மனிதருக்கான குப்பியை அதற்குக் கேட்பது நியாயமில்லை. மிருக வைத்தியருக்கென்று தனி ஏற்பாட்டை மாகாண சபை நிர்வாகத்திடம் நாம் சேர்ந்து கேட்கலாம்.

காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர், பசளை, யானைவேலி எல்லாம் பேசுகிறோம். கமக்காரர் அமைப்புகள் இந்த முறை இன்னொரு விடயத்தையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கட்டும்: வெட்டு முடியும்வரை ஒவ்வொரு இரவும் எந்த வாகனம், எந்தச் சாரதி.